வீட்டு மாருதி 800 கண்காட்சிக்குப் போனது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2022 செப்டம்பரில் கோவையில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் சி.என்.சி. மெஷின் ஓட்டும் 27 வயது இளைஞர் ஒருவர் தன் வீட்டு மாருதி 800-ஐ எங்கள் பட்டறைக்கு ஓட்டிவந்தார். 2008 மாடல், வெள்ளை நிறம், 94,000 கி.மீ. ஓடியிருந்தது. அவருடைய அப்பா புதிதாக எடுத்த வண்டி. அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது, ஊர்த் திருவிழா, உழவர் சந்தை எல்லாவற்றுக்கும் வீட்டில் அது ஒன்றுதான். அதை அடுத்த பிப்ரவரியில் நடக்கவிருந்த ஒரு தனியார் கார் கண்காட்சியில் நிறுத்த வேண்டும் என்றார். கையில் 1,80,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தார். ஐந்து மாதம் அவகாசம்.

அவர் மனதில் இருந்த படம் தெளிவானது. 1986-இல் வந்த மாருதி 800-இன் உடல், ஜப்பானில் சுசுகி விற்ற இரண்டாம் தலைமுறை ஆல்டோவின் உடல்தான். அதே ஆல்டோவில் 1987-இல் 'வொர்க்ஸ்' என்று ஒரு வகை வந்தது. 543 சி.சி. டர்போ இன்ஜின், 64 குதிரைத்திறன். நம் 800-இல் 796 சி.சி. இருந்தும் 37 குதிரைத்திறன்தான். வொர்க்ஸின் முன்னால் இரண்டு உருண்டை பனி விளக்கு, பக்கவாட்டில் கதவுக்கு அடியில் ஓடும் ஸ்கர்ட் தட்டு, பின்னால் சின்ன ஸ்பாய்லர். அந்தத் தோற்றம் வேண்டும், இன்ஜினைத் தொட வேண்டாம். வண்டியின் வம்சாவளி தெரிந்து ஒருவர் ஆசைப்படுவது எனக்குப் பிடித்திருந்தது. அதனாலேயே முதல் நாள் கேட்டிருக்க வேண்டிய சில கேள்விகளைக் கேட்காமல் விட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பாவும் உடன் வந்திருந்தார். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, "ஏனுங்க, வேலை முடிஞ்சப்புறம் மழையில இதுல உக்காந்து போலாமுங்களா?" என்று மட்டும் கேட்டார். போலாம் என்றேன்.

வண்டி வந்தபோது கண்டது

முதல் சிக்கல் டிக்கியிலேயே இருந்தது. இளைஞர் ஏற்கெனவே ஒரு செட் 13 அங்குல அலாய் வீல் வாங்கி வைத்திருந்தார், செகண்ட் ஹேண்டில். நான்கு போல்ட்தான், ஆனால் துளை வட்டம், அதாவது போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், 100 மி.மீ. மாருதி 800-இன் ஹப் 114.3 மி.மீ. பொருந்தாது. இடையில் அடாப்டர் தகடு போட்டு மாட்டலாம் என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். 20 மி.மீ. தகடு போட்டால் வீல் அத்தனை மி.மீ. வெளியே போகும், பேரிங் மீது பளு கூடும், இறுக்க வேண்டிய போல்ட்டும் இரட்டிப்பாகும். மாட்டமாட்டோம் என்று சொல்லிவிட்டோம். 7,000 ரூபாய் நஷ்டத்தில் அவற்றை விற்றார். அந்தத் தொகை பின்னால் வரும் கணக்கில் இல்லை.

அடுத்து காந்தச் சோதனை. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடல் முழுக்க நகர்த்திப் பார்ப்பது எங்கள் பழக்கம். தகடு இருக்கும் இடத்தில் பிடிக்கும், பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) தடித்த இடத்தில் வழுக்கி விழும். இடது பின் பக்கத்தில், சக்கர வளைவுக்கு மேலே, ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் காந்தம் நிற்கவே இல்லை. பழைய நசுங்கலை யாரோ தட்டி எடுக்காமல் பட்டியாலேயே நிரப்பியிருந்தார்கள். பிறகு சுரண்டியபோது சில இடத்தில் 6 மி.மீ. இருந்தது. பட்டி 2, 3 மி.மீ.க்கு மேல் போனாலே பின்னால் வெடிக்கும்.

கார்ப்பெட்டைத் தூக்கியதும் மூன்றாவது. முன் கண்ணாடி ரப்பர் ஒரு மூலையில் விட்டுப்போய், வருஷக்கணக்கில் தண்ணீர் கசிந்து, இடப்பக்க முன் தளம் துருப்பிடித்திருந்தது. ஸ்க்ரூடிரைவரை அழுத்தினால் உள்ளே போகிறது. கதவுகளின் அடியில் தண்ணீர் வெளியேறும் துளைகள் மண்ணால் அடைத்திருந்தன. அங்கேயும் துரு.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணம்

அன்று மாலை மூவரும் உட்கார்ந்து பேசினோம். இளைஞர் வீல், பெயிண்ட், மியூசிக் சிஸ்டம் என்ற வரிசையில் செலவு செய்ய நினைத்திருந்தார். நான் அதைத் தலைகீழாக்கினேன். முதலில் துரு, பிறகு உடல், பிறகு பெயிண்ட், மற்றதெல்லாம் மிச்சப் பணத்தில். நாளைக்கு ஆட்கள் உட்கார்ந்து போகப்போகிற தளம் ஓட்டையாக இருக்கும்போது மேலே பளபளப்பு பூசுவதில் அர்த்தமில்லை.

சக்கர வளைவை வெட்டி அகலப்படுத்துவதா, ஃபைபரில் ஃப்ளேர் (வளைவின் மேல் உட்காரும் அகல விளிம்பு) செய்து போல்ட்டில் மாட்டுவதா என்பது அடுத்த கேள்வி. வெட்டினால் அழகு கூடும், கோடு தடையில்லாமல் ஓடும். ஆனால் திரும்ப முடியாது. போல்ட்டில் மாட்டும் ஃப்ளேர் என்று முடிவு செய்தோம். அப்போது நான் சொன்ன காரணம் செலவு மட்டும்தான். இந்த வேலையில் எடுத்த முடிவுகளில் மிகச் சரியானதைத் தவறான காரணத்துக்காக எடுத்திருக்கிறேன்.

நிறத்தைப் பொறுத்தவரை அவர் அசையவில்லை. நாவற்பழ நிறம், மெட்டாலிக், மேலே நிறமில்லாத கிளியர் கோட். "வெள்ளையிலயே முத்துப் பளபளப்பு போடலாமே தம்பி" என்றேன். "அண்ணா, வெள்ளை 800 தெருவுக்கு நாலு நிக்குது" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அடர்நிறம் தகட்டின் ஒவ்வொரு அலையையும் காட்டிக்கொடுக்கும் என்பதை நான் விளக்கிய அளவுக்கு, ஆர்.சி.யில் நிறம் 'வெள்ளை' என்று இருப்பதைப் பற்றிப் பேசவில்லை. வேலை முடிந்த பிறகு பதிந்துகொள்ளலாம் என்று ஒரு வரியில் கடந்துவிட்டேன்.

டிங்கரிங்: செப்டம்பர் முதல் அக்டோபர் வரை

இந்தக் கட்டம் திட்டமிட்டபடி போனது. தளத்தில் துருப்பிடித்த பகுதியை முழுக்க வெட்டி எடுத்து, புதுத் தகடு வளைத்து சி.ஓ.2 வெல்டிங்கில் வைத்தோம். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.எம். பெட்டியையும் பிடுங்கி வைத்தோம். கணினி வழி பெட்ரோல் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் இதைச் செய்யாமல் வெல்டிங் வைத்து இ.சி.எம். போன கதைகள் எங்கள் தெருவிலேயே உண்டு. மேலே எபாக்ஸி பிரைமர், இணைப்புகளில் சீலர், அடியில் அண்டர்பாடி கோட்டிங். கண்ணாடி ரப்பர் புதிது. கதவுத் துளைகளைத் திறந்து உள்ளே மெழுகுப் பூச்சு அடித்தோம்.

இடது பின் பக்கத்தின் பழைய பட்டியை முழுக்க எடுத்து, டிங்கர் அண்ணன் உள்ளிருந்து தட்டித் தட்டித் தகட்டையே வடிவத்துக்குக் கொண்டுவந்தார். நான்கு நாள் ஆனது. உடன் நின்ற பையனிடம், "கையால பாரு, கண்ணால பாக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு மி.மீ. பட்டி போதுமானதாக இருந்தது.

பெயிண்டும் மழையும்: நவம்பர்

இங்கேதான் சறுக்கினோம். வடகிழக்குப் பருவமழை வலுத்திருந்தது. எங்களிடம் சூடேற்றும் பெயிண்ட் பூத் கிடையாது. தகரக் கொட்டகைக்குள் பிளாஸ்டிக் ஷீட் கட்டி, ஹாலஜன் விளக்கு வைத்து வேலை செய்வோம். பட்டி தேய்த்து முடித்த வண்டி, பிரைமர் அடிக்க ஆள் வராததால், மூன்று நாள் திறந்தபடி நின்றது. பட்டியில் பெரும்பகுதி டால்க் தூள்தான். ஸ்பாஞ்ச் மாதிரி ஈரத்தை இழுக்கும். போதாக்குறைக்கு 320-ஆம் நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்திருந்தோம்.

நான்காம் நாள் தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. பெயிண்டர் இன்னும் இரண்டு நாள் விளக்கு வைக்கலாம் என்றார். கண்காட்சித் தேதியை மனதில் வைத்து, அடிச்சிடலாம் என்று சொன்னது நான். சர்ஃபேசர் என்ற அடிப்பூச்சு, நிறம், கிளியர் கோட் எல்லாம் அடித்து முடித்தபோது வண்டி கண்ணைப் பறித்தது. மூன்று வாரம் கழித்து, இடது பின் பக்கத்திலும் கூரையின் ஓரத்திலும் கடுகு அளவில் கொப்புளங்கள். ஊசியால் ஒன்றைக் குத்தினோம், நீர் கசிந்தது.

அந்த இரண்டு இடங்களையும் தகடு வரை சுரண்டி மறுபடி செய்தோம். மெட்டாலிக் நிறத்தில் துண்டாக அடித்தால் சாயல் மாறும், அதனால் இடப்பக்கம் முழுவதையும் கூரையையும் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. 26,000 ரூபாய் கூடுதல், 19 நாள் தாமதம். கூடுதலில் பாதியைப் பட்டறை ஏற்றுக்கொண்டது. முழுவதையும் ஏற்றிருக்க வேண்டும் என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள்.

மறுமுறை கைடு கோட் போட்டோம். தேய்ப்பதற்கு முன் கருப்பு பெயிண்டை லேசாகத் தூவி, கட்டை வைத்துத் தேய்த்தால், பள்ளத்தில் கருப்பு நிற்கும், மேட்டில் தகடு தெரியும். முதல்முறை இதைத் தவிர்த்திருந்தோம். டிங்கர் அண்ணனின் வேலை எவ்வளவு சுத்தம் என்பது அப்போதுதான் தெரிந்தது. கருப்பு நின்றதெல்லாம் வலக் கதவில், யாரும் சந்தேகப்படாத இடத்தில்.

தாமதத்தால் இன்னொன்றும் நடந்தது. கதவுகளைக் கழற்றி அடிக்க நேரமில்லை என்று மாட்டியபடியே அடித்தோம். கதவைத் திறந்தால் உள் விளிம்பு பழைய வெள்ளையிலேயே இருந்தது. இதன் விலை பின்னால் தெரிந்தது.

தாழ்த்தியது, பிறகு உயர்த்தியது: டிசம்பர்

வீல் விஷயத்தில் இம்முறை அளந்து வாங்கினோம். 13 அங்குலம், 5.5 அங்குல அகலம், 114.3 துளை வட்டம். டயர் 155/65. கம்பெனி டயர் 145/70 ஆர்12-இன் விட்டம் சுமார் 508 மி.மீ. புதியது 532. கிட்டத்தட்ட 4.7 சதவீதம் பெரிது, ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-ஐத் தொடும். இதை எழுதி டேஷ்போர்டில் ஒட்டிக்கொடுத்தோம்.

பின் ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்று வெட்டித் தாழ்த்தலாம் என்பது இளைஞரின் நண்பர் சொன்ன யோசனை. வேறு ஒரு கடையில் வெட்டிக்கொண்டு வந்தார்கள். 45 மி.மீ. இறங்கியது, நின்ற கோலம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஜாக்கியில் தூக்கியபோது ஸ்பிரிங் இருக்கையை விட்டுக் கழன்று தொங்கியது. வெட்டிய ஸ்பிரிங்கின் நீளம் போதவில்லை. ஓடும்போது ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கினாலும் இதேதான் நடக்கும், திரும்ப உட்காரும்போது கோணலாக உட்காரலாம். மூன்று பேர் ஏறினால் பம்ப் ஸ்டாப்பில், அதாவது ஸ்பிரிங் முழுக்க அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டையில், இடித்தது. பட்டறை வாசல் வேகத்தடையில் சைலன்சர் உரசியது.

அந்த வண்டியை அப்படியே சாலையில் விட முடியாது என்று நிறுத்தினோம். கோவையில் ஸ்பிரிங் சுற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி ஸ்பிரிங்கை மாதிரி காட்டி, கொஞ்சம் தடித்த கம்பியில், தொங்கும்போதும் இருக்கையை விடாத நீளத்தில் சுற்றச் சொன்னோம். இறக்கம் 25 மி.மீ. மட்டும். இளைஞருக்கு முகம் சுருங்கியது. ஃப்ளேர் மாட்டிய பிறகு சக்கரத்துக்கும் வளைவுக்கும் நடுவே இடைவெளி தானாகக் குறைந்ததைப் பார்த்துச் சமாதானமானார். பிறகு வீல் அலைன்மென்ட். தாழ்த்திய வண்டியில் அதைத் தவிர்த்தால் டயரின் உள் ஓரம் சில மாதத்திலேயே மொட்டையாகிவிடும்.

ஒயரிங்: ஜனவரி

சீட் வேலை பற்றிச் சொல்ல அதிகமில்லை. கறுப்பு ரெக்சின், நாவல் நிறத் தையல், நேர்த்தியான கை.

மியூசிக் சிஸ்டத்தை வெளியே ஒரு கடையில் போட்டார்கள். ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு வூஃபர், காலடியில் எல்.இ.டி. விளக்கு. கண்காட்சிக்கு மூன்று நாள் முன்பு சோதனை ஓட்டத்தில் ரப்பர் கருகும் வாடை. தேடினால், ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் தடித்த ஒயர் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாமல் நேராகக் கிளம்பி, இன்ஜினுக்கும் உள்அறைக்கும் நடுவிலுள்ள தகட்டில் போட்ட துளை வழியே, ரப்பர் வளையம் இல்லாமல், வெறும் தகட்டு விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் உறை பாதி அறுந்திருந்தது. இன்னும் ஒரு நாள் ஓடியிருந்தால் தாமிரம் தகட்டைத் தொட்டிருக்கும். ஃபியூஸ் இல்லாத இடத்தில் பேட்டரியின் மொத்த மின்னோட்டமும் அந்த ஒரு புள்ளியில் பாயும். வண்டி எரிவதற்கு அதுவே போதும்.

துளைக்கு ரப்பர் வளையம் போட்டு, ஒயரை மாற்றி, பேட்டரியிலிருந்து ஓர் அடிக்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தோம். பனி விளக்குகளுக்குத் தனி ரிலே. அன்றிரவு வண்டி பட்டறையிலேயே நின்றது, பேட்டரி கழற்றிய நிலையில். எனக்குத் தூக்கம் வரவில்லை.

கண்காட்சி நாள்

2023 பிப்ரவரி நடுவில் நடந்தது. எங்கள் வண்டிக்குக் கூட்டம் சேர்ந்ததைச் சொல்லத்தான் வேண்டும். லட்சக்கணக்கில் செலவழித்த எஸ்.யு.வி.களைத் தாண்டி வந்து, "எங்க வீட்டுல இருந்த வண்டி" என்று பேசியவர்கள் நிறையப் பேர். ஒரு பெரியவர் ஸ்டியரிங்கைத் தடவிவிட்டுப் போனார்.

நடுவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. கதவுகளின் இடைவெளி ஒரே அளவா என்று விரலை ஓட்டினார்கள். பானட்டைத் திறந்து ஒயர்கள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்று பார்த்தார்கள். கைக்கண்ணாடி வைத்து அடிப்பாகத்தைப் பார்த்தபோது எங்களுக்குப் பெருமை. புதுத் தளமும் வெல்டிங்கும் அவர்களுக்குப் பிடித்தன. அப்புறம் ஒருவர் கதவைத் திறந்தார். வெள்ளை விளிம்பு. ஒன்றும் பேசாமல் தாளில் எழுதினார்.

மதியத்துக்குப் பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள். காலையிலிருந்து இன்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டும் விளக்கும் ஓடிக்கொண்டிருந்தன. 800-இன் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. சராசரி 12 ஆம்பியர் இழுத்தாலே மூன்று மணி நேரத்தில் காலி. ஸ்டார்ட்டர் ஒரு முறை முனகிவிட்டு நின்றது. நான்கு பேர் தள்ளி, செகண்ட் கியரில் கிளப்பினோம். சிறிய கார்கள் பிரிவில் மூன்றாம் இடம் கிடைத்தது.

அதன் பின்

ஏப்ரலில் ஒரு பைக் பின்னால் வந்து மோதி, ஸ்கர்ட்டும் பம்பரும் உடைந்தன. காப்பீட்டில் மாற்றங்களைத் தெரிவித்திருக்கவில்லை. கம்பெனி பம்பருக்கு உரிய தொகை மட்டும் வந்தது, ஃபைபர் பாகங்களுக்கு ஒன்றும் வரவில்லை.

பெரிய சிக்கல் ஆகஸ்டில். 2008 ஆகஸ்டில் பதிவான வண்டிக்கு 15 ஆண்டு முடிகிறது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியை நேரில் காட்ட வேண்டும். இது முதல் நாளே ஆர்.சி.யில் எழுதியிருந்தது. இளைஞரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு வண்டி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. இந்த வண்டியின் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிமும் ஒட்டியிருந்தது; அப்படி ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-லேயே தடை செய்துவிட்டது. ஆய்வாளர் நிறம், ஃப்ளேர், உடலை விட்டு வெளியே நீளும் டயர், ஃபிலிம் நான்கையும் குறித்துத் திருப்பி அனுப்பினார். நாகரிகமாகத்தான் பேசினார்.

ஃப்ளேர்களைக் கழற்ற ஒரு காலை போதுமானதாக இருந்தது. வெட்டியிருந்தால் இந்த வண்டியின் கதை இங்கேயே முடிந்திருக்கும். பழைய 12 அங்குல வீல்களை இளைஞர் விற்காமல் வைத்திருந்தார், அவை திரும்ப ஏறின. ஃபிலிம் உரித்தோம். பனி விளக்கையும் ஸ்பாய்லரையும் எடுத்துவிட்டோம். நிறத்துக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் கடிதத்தோடு தனியாக விண்ணப்பித்து, ஆர்.சி.யில் பதிந்தோம். புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய், அதோடு பசுமை வரி, தாமதக் கட்டணம். இரண்டு நடை. செப்டம்பர் கடைசியில் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்து வந்தது. நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் ஓடக்கூடிய வண்டி இல்லை. அம்மாவின் மருத்துவமனை நடைகளுக்கு ஆட்டோ.

செலவு

டிங்கரிங், பெயிண்ட் 1,12,000. ஃபைபர் 38,000. வீல், டயர் 46,000. சஸ்பென்ஷன் 24,000. சீட் 34,000. ஒயரிங், மியூசிக் 42,000. இன்ஜின் சர்வீஸ், சில்லறை 16,000. மொத்தம் 3,12,000. திட்டத்தைவிட 1,32,000 அதிகம். அதில் துரு எடுத்த செலவைத் தவிர்த்திருக்க முடியாது. மற்றதில் பெரும்பகுதி மறுவேலை, அல்லது முடிவை மாற்றிக்கொண்டதற்கான விலை.

இனி மாற்றிக்கொள்வது

வண்டி எதற்கு என்பதை முதல் நாளே எழுதி வாங்குகிறோம். கண்காட்சிக்கு மட்டுமா, தினமும் ஓடவா? இந்த வேலையில் இரண்டும் என்று சொல்லாமலேயே இரண்டுக்கும் வேலை செய்தோம். தாழ்த்தியதும் உயர்த்தியதும் அதனால் வந்த குழப்பம்தான். வீட்டில் வேறு வண்டி இல்லாதவர்களிடம், கழற்றி மாட்டக்கூடியதை மட்டும் செய்யலாம் என்று சொல்கிறேன். சிலர் அடுத்த பட்டறைக்குப் போய்விடுகிறார்கள். சரி, போகட்டும்.

ஸ்பேனரைத் தொடும் முன் ஆர்.சி.யையும் காப்பீட்டையும் மேசையில் வைத்துப் படிக்கிறோம். நிற மாற்றத்துக்கு அனுமதி வந்த பிறகுதான் பட்டி டப்பா திறக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் நடுவரை முழு பெயிண்ட் வேலை எடுப்பதில்லை, பூத் வாங்கும்வரை இதுதான். கதவு, பானட், டிக்கி கழற்றாமல் நிறம் மாற்றுவதில்லை. வெளியே போட்டு வரும் மியூசிக் ஒயரிங்கை, கேட்டாலும் கேட்காவிட்டாலும், முதலில் பேட்டரியிலிருந்து பின்தொடர்ந்து பார்க்கிறோம்.

ஃப்ளேர்களும் 13 அங்குல வீல்களும் அவர்கள் வீட்டுப் பரணில், பழைய சேலையில் சுற்றிக் கிடக்கின்றன. இளைஞர் ஒரு பழைய ஓம்னியின் உடலை மட்டும் வாங்கிப் பதிவில்லாத கண்காட்சி வண்டியாகச் செய்ய யோசிக்கிறார், டிரக்கில் ஏற்றித்தான் கொண்டுபோவாராம். ஆர்.சி. புதுப்பித்த பிறகு வந்த நவம்பர் மழையில் அப்பா நாவற்பழ நிற 800-ஐ பட்டறைக்கு ஓட்டிவந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டினார். கையை வைத்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது.